இருண்ட திரையும் டிரைவரும்

ஒரே கணிப்பொறியை நம்பியிருக்கும் இல்லங்களில் அதன் திரை திடீரென இருண்டுவிட்டால் வீடே கலங்குகின்றது. மகளின் தேர்வு விண்ணப்பமும் தந்தையின் கணக்குகளும் திருமணப் படங்களும் அதனுள்தானே இருக்கின்றன! பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்றால், “கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது; புதிது வாங்குங்கள்” என்னும் தீர்ப்பு, சில வேளைகளில் சோதனை எதுவுமின்றியே கிடைத்துவிடுகின்றது. பல்லாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்குமுன் வாசக அன்பர்கள் ஒன்றை அறிதல் நலம். படம் காட்டும் கருவி வேறு. அதனை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் வேறு. வண்டி நின்றது என்பதற்காக எஞ்சின் உடைந்தது என்று கொள்ளலாகாது. ஓட்டுநர் மயங்கியும் இருக்கலாம்.

அத்தகைய மயக்கம் அரிதுமன்று. 2007ஆம் ஆண்டில் விண்டோஸ் விஸ்டாவில் பதிவான நிலைகுலைவுகளுள் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்பது, பின்னர் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளிவந்த ஆவணங்களால் தெரியவந்தது. அந்த விஸ்டா முதலாகவே விண்டோஸ் ஒரு காவலையும் வைத்திருக்கின்றது. படக்கருவி 2 நொடிகள் மறுமொழி தராவிடில் டிரைவரை நிறுத்தி மீண்டும் தொடங்கிவிடும். திரை கணப்பொழுது இருண்டு தெளிவது இதனால்தான். என்றோ ஒருநாள் நேர்ந்தால் பொருட்படுத்த வேண்டுவதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் நாமே அதனை எழுப்பவும் இயலும்: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி என்னும் 4 விசைகளையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள்.

நாள்தோறும் தொல்லை தொடர்ந்தால் குற்றம் யாருடையது எனத் தெளிய வேண்டும். கணிப்பொறியை இயக்கியவுடன் தோன்றும் நிறுவனச் சின்னத்தின்மீதே கோடுகளும் புள்ளிகளும் சிதறிக் கிடந்தால் டிரைவரைப் பழித்தல் தகாது. அவர் இன்னும் வேலைக்கே வரவில்லை. கம்பியை மாற்றியும் வேறொரு திரையை இணைத்தும் பாருங்கள். அப்போதும் மாறாவிடில் கருவியிலேயே பழுது இருக்கக்கூடும். (பல வீட்டுக் கணிப்பொறிகளில் தனிக் கார்டே கிடையாது, அவ்வுறுப்பு பிராசஸருக்குள் அடங்கியிருக்கும். கார்டு போய்விட்டது என்பவரிடம் இதை முதலில் கேளுங்கள்.)

சின்னம் தெளிவாயிருந்து, விண்டோஸ் வந்த பின்னரே குழப்பம் தொடங்குமாயின், ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியே சென்று, சேஃப் மோடில் நுழையுங்கள். ஆனால் அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. வட்டு பூட்டப்பட்டுள்ள சில கணிப்பொறிகள் இவ்வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே ஒரு தாளில் எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். எண் இல்லையேல் படங்களும் இல்லை.

சேஃப் மோடில் விண்டோஸ் தன் எளிய டிரைவரைக் கொண்டே ஓடும். அங்கே திரை தெளிவாயிருப்பின் ஐயம் வழக்கமான டிரைவர்மீதே விழும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து, கருவியின் பிராப்பர்ட்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்தினால் முந்தைய பதிப்பு திரும்பும். அண்மையில் புதுப்பித்தபின் தொல்லை தொடங்கியிருந்தால் பெரும்பாலும் இதுவே போதும். அப்பொத்தான் மங்கியிருப்பின், டிரைவரை நீக்கிவிட்டு, என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றுள் உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதிதாய் நிறுவுக. மடிக்கணினியாயின் அதைச் செய்த நிறுவனத்தின் தளம் ஏற்றது. எல்லா டிரைவர்களையும் தாமே புதுப்பித்துத் தருவதாய் விளம்பரம் செய்யும் மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதிருத்தலே மேல்.

‘கோடு 43’ என்று கண்டவுடன் அஞ்சுவோர் பலர். கருவி ஏதோ பழுதை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியது என்பதே அதன் பொருள். டிரைவரை மாற்றியதும் அது மறைந்துவிடுதலும் உண்டு.

விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குப் பின்னரே திரை இருளுமாயின், மின்னிணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து, விசிறியில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் நீக்கிப் பாருங்கள்.