தொற்று ஒரு பக்கவிளைவன்று

மல்டிபிள் மைலோமாவுக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் நிமோனியாவால் இறந்துபோனால், புற்றுநோய் கட்டுக்குள்தான் இருந்தது, இடையில் காய்ச்சல் வந்துவிட்டது என்று குடும்பத்தார் சொல்வார்கள். ஆய்விதழ்களும் ஏறத்தாழ இதையேதான் சொல்கின்றன. மருந்தின் பலன் ஓர் அட்டவணையில் இடம்பெறுகிறது. தொற்று ‘பாதகமான நிகழ்வுகள்’ என்னும் வேறோர் அட்டவணைக்குப் போய்விடுகிறது. தமிழில் அதற்குப் ‘பக்கவிளைவு’ என்று பெயர். நடுவில் நிற்க வேண்டியதைப் பக்கத்தில் ஒதுக்கும் இந்தச் சொல், வெறும் மொழிபெயர்ப்புக் குறை அன்று. எதற்கு முன்னுரிமை, எதற்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கும் ஒரு கருத்துநிலை.

மைலோமா பிளாஸ்மா செல்களின் புற்றுநோய். உடலுக்கு எதிர்ப்பொருள்களை உருவாக்கித் தருபவை அச்செல்களே. நோய் முற்றும்போது ஒரே குலத்துச் செல்கள் எலும்பு மஜ்ஜையில் பெருகி, பயனற்ற ஒரே வகைப் புரதத்தைக் கொட்டுகின்றன. பயனுள்ள எதிர்ப்பொருள்கள் அருகிப்போகின்றன. இரத்தத்தில் புரதம் மிகுந்திருக்கும், காப்போ குறைந்திருக்கும். ஆகவே தொற்று வெளியிலிருந்து வந்த விபத்தன்று, நோயின் இயல்பிலேயே உள்ளது. சிகிச்சையும் தன் பங்குக்கு அதைக் கூட்டுகிறது. போர்டெசோமிப், நரம்புகளில் உறங்கும் அக்கி வைரஸை எழுப்பக்கூடும். டெக்ஸாமெத்தசோன் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதோடு, காய்ச்சல் என்னும் எச்சரிக்கை மணியையும் அமுக்கிவிடக்கூடும்.

சான்றுகள் புதியவையல்ல. 1980 முதல் 2002 வரையிலான பிரித்தானிய மருத்துவ ஆய்வுகளில் சேர்ந்த 3,107 நோயாளிகளில் பத்தில் ஒருவர் 60 நாள்களுக்குள் இறந்தார். அவ்விறப்புகளில் 45 விழுக்காட்டுக்குத் தொற்றே காரணம். 9,253 நோயாளிகளை ஆராய்ந்த சுவீடன் ஆய்வு, பொதுமக்களோடு ஒப்பிடுகையில் அவர்களுக்குத் தொற்று அபாயம் ஏழு மடங்கு என்று 2015-இல் அறிவித்தது. 2022-இல் வெளியான டெக்லிஸ்டமாப் ஆய்வில் பங்கேற்ற 165 பேரில் 63 விழுக்காட்டினரிடம் மருந்து பலன் தந்தது. அதே ஆய்வில் 76 விழுக்காட்டினருக்குத் தொற்று. ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு அது கடுமையானது. கோவிட் காலத்தில் நடந்த ஆய்வு என்பது உண்மைதான். ஆனால் இம்மருந்து புற்றுச்செல்லோடு நல்ல பிளாஸ்மா செல்களையும் அழிப்பதற்குக் கோவிட் பொறுப்பாகாது. முதல் எண் கொண்டாடப்படும் அளவுக்கு அடுத்த இரண்டும் பேசப்படாதது ஏன்?

மருத்துவர்கள் இதை அறியாதவர்களா என்று கேட்கலாம். அறிவார்கள். சர்வதேச மைலோமா செயற்குழு 2022-இல் தொற்றுத் தடுப்புக்கென்றே பரிந்துரைகளை வெளியிட்டது. வழிகாட்டி நூலில் இருக்கும் அறிவு நோயாளியின் கைக்கு வந்து சேர்கிறதா என்பதே கேள்வி. இந்தியாவில் போர்டெசோமிப்பும் லெனலிடோமைடும் உள்நாட்டுத் தயாரிப்பால் மலிந்தன; சிகிச்சை பலருக்கு எட்டியது. காப்பு அதே வேகத்தில் எட்டவில்லை. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கல் ஊசி குழந்தைகளுக்கு உண்டு. எதிர்ப்பொருள் இழந்த முதியவர் அதைத் தம் செலவில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிற நாட்டுத் தீர்வை அப்படியே இறக்குமதி செய்வதும் விடையாகாது. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு 12 வாரம் லெவோஃப்ளாக்சசின் கொடுத்தபோது, காய்ச்சலும் இறப்பும் சேர்ந்த விகிதம் 27-இலிருந்து 19 விழுக்காடாகக் குறைந்ததைப் பிரித்தானிய ஆய்வு ஒன்று 2019-இல் காட்டியது. ஆனால் அம்மருந்து இந்தியாவில் மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கான சிகிச்சையிலும் இடம்பெறுகிறது. மறைந்திருக்கும் காசநோயை அது மூடிமறைக்கவும் கூடும். கிருமிகளின் மருந்தெதிர்ப்பும் இங்கே வேறு. இந்திய நோயாளிகளுக்கு எது பொருந்தும் என்பதை இந்திய ஆய்வுகளே சொல்ல வேண்டும். புதிய மருந்தின் வெற்றி விகிதத்தை எழுதும் ஆர்வத்தில் பாதியாவது அந்த ஆய்வுகளுக்குக் கிடைக்க வேண்டும்.

செலவே இல்லாமல் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நோயாளி வீடு திரும்பும்போது பெறும் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘காய்ச்சல் வந்தால் வரவும்’ என்று வாய்மொழியாகச் சொல்வதும் போதாது. கழுத்தில் கைவைத்துப் பார்க்கும் வீட்டில் காய்ச்சல் என்பது ஓர் உணர்வு; மருத்துவமனையில் அது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். குளிர்நடுக்கம், மூச்சிரைப்பு, திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சலே இல்லாவிட்டாலும், நள்ளிரவானாலும் உடனே புறப்பட வேண்டும் என்பதை நோயாளியின் தாய்மொழியில் ஒரே பக்கத்தில் எழுதித் தரலாம். அதற்குப் புதிய மூலக்கூறு எதுவும் தேவையில்லை.

தடுப்பூசி, அக்கித் தடுப்பு மாத்திரை, தேவைப்படுவோருக்கு இம்யூனோகுளோபுலின், புரியும் மொழியில் ஒரு தாள்: இவை சிகிச்சைக்குப் பக்கத்தில் இருப்பவை அல்ல, சிகிச்சையேதான். புற்று அடங்கிய உடலில் உயிர் தங்கவில்லையென்றால், அதை வெற்றிக் கணக்கில் எழுதுவதற்கு எந்த அட்டவணைக்கும் உரிமையில்லை.