பத்து செக்கனும் ஒரு களவுப் பட்டமும்

“உது பாட்டே? ஆரோ அடிச்ச ட்ரம்மை வெட்டி ஒட்டினா இசையாகிடுமோ?” ஹிப் ஹொப் பற்றி வாய் திறந்தாலே எங்களுக்குக் கிடைக்கிற பதில் இதுதான். சொல்லுறவை இசை தெரியாத ஆக்களெண்டால் பேசாமல் விடலாம். தாளம் போட்டுப் பழகினவையும் இதையே சொல்லேக்கதான் கோவம் வருது.

சரி, அந்த மெசினைப் பற்றியே கதைப்பம். 1987இல் ஈ-மியூ என்ற அமெரிக்க நிறுவனம் எஸ்பி-1200 எண்ட சாம்பிளிங் ட்ரம் மெசினை வெளியிட்டது. அதற்கு முன் பரவலாக இருந்த ட்ரம் மெசின்களில் கம்பனி போட்டுத்தந்த சத்தங்கள்தான். இதிலோ எந்தப் பழைய இசைத்தட்டிலிருந்தும் ஒரு அடியைப் பிடித்து உள்ளே போடலாம். ஆனால் இடம் மொத்தமே ஏறத்தாழ பத்து செக்கன். ஒரு துண்டு இரண்டரை செக்கனைத் தாண்டக்கூடாது. எங்கட போனில ஒரு வொய்ஸ் மெசேஜுக்கே காணாது!

அந்தப் பத்து செக்கனுக்குள்ளதான் நியூயோர்க் பெடியள் முழுப் பாட்டுகளைக் கட்டினார்கள். 33 வேகத்தில் ஓடவேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டு, சத்தத்தைச் சுருக்கி உள்ளே எடுத்தார்கள். பிறகு மெசினுக்குள் வேகத்தை இறக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இடம் மிச்சம். கூடவே அந்த 12 பிட் மெசின் சத்தத்தில் ஒரு கரகரப்பையும் ஏற்றிவிட்டது. இண்டைக்கு அதே கரகரப்பை மென்பொருளில போலியா உண்டாக்கிறதுக்குக் காசு குடுக்கினம். பழைய தட்டொன்றின் ஸ்னேர் அடியைத் தனியாக எடுத்து, தான் நினைத்த தாளத்தில் அடிக்கலாம் என்று குவீன்ஸைச் சேர்ந்த மார்லி மார்ல் காட்டியிருந்தார். 1988இல் பப்ளிக் எனிமியின் பாட்டுகளுக்காக பொம் ஸ்குவாட் குழு துண்டுக்கு மேல் துண்டாக அடுக்கியது. இதை ‘பட்டன் அமத்துறது’ எண்டா, வயலினை ‘கம்பியைத் தேய்க்கிறது’ எண்டும் சொல்லலாம்.

இனி களவுக் கதை. 1991இல் பிஸ் மார்க்கி மீதான வழக்கில், அமெரிக்க நீதிபதி களவுக்கு எதிரான பைபிள் கட்டளையோடுதான் தீர்ப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, கட்டணம். பத்துப் பதினைஞ்சு துண்டுகளை அடுக்கிற பாட்டுக்கு ஆர் காசு கட்டுறது?

அந்தக் காசு ஆருக்குப் போனது என்பதுதான் எங்கட கேள்வி. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி ட்ரம்மர்’ பாட்டில் சில செக்கன் ட்ரம் மட்டும் தனியாக வரும். ஹிப் ஹொப்பில் அதிகம் சாம்பிள் செய்யப்பட்ட துண்டுகளில் அதுவும் ஒன்று. அடித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். பாட்டை எழுதியவராக அவருடைய பெயர் பதியப்படவில்லை. அதனால் அனுமதிக் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அது அவரிடம் போகிற வழியே இல்லை. சாம்பிள் பண்ணின ஆக்களும் பெரும்பாலும் அவருக்கு ஒண்டும் குடுக்கேல்ல. அதை நாங்கள் மறைக்கேல்ல. 2017இல் அவர் இறந்துபோனார்.

இனிக் களவு எண்டு கதைக்க வாறவை ஸ்டபிள்ஃபீல்டுக்கு வரவேண்டிய கணக்கிலிருந்து தொடங்கட்டும். நாங்களும் இருந்து கதைக்க ரெடி.