தண்ணியை நிறுத்து, பாப்பா!

எங்கள் பால்கனியில் இருக்கும் எலுமிச்சைத் தொட்டி அம்மாவுடையது. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு அடுக்குமாடிக்கு வந்தபோது, பிடிவாதமாகக் கொண்டுவந்தார். காலை நிகழ்ச்சிக்குக் கிளம்புமுன் தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். செடி பச்சைப் பசேலென்று வளர்ந்தது. இரண்டு வருடமாகியும் ஒரு பூ இல்லை. "தூக்கிப் போட்டுடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "செடிமேல குத்தமில்ல பாப்பா. நீ தண்ணிய நிறுத்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர் அவர். "வெயில் காலத்துல ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டிட்டுத்தானே துளிர்விட்டுப் பூக்கும்?" என்றார்.

தேடிப் படித்தேன். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும்வரை எலுமிச்சை இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். வறட்சி வந்தால் வளர்ச்சி நின்று, உள்ளே மொட்டுக்கான தயாரிப்பு தொடங்கும். மறுபடி தண்ணீர் கிடைத்ததும் பூ வெளியே வரும். நம் டுரியான் பூப்பதும் மழை ஓய்ந்த வறண்ட நாள்களுக்குப் பிறகுதான். இத்தாலியின் சிசிலித் தீவில் எலுமிச்சை விவசாயிகள் கோடையில் வேண்டுமென்றே பாசனத்தை நிறுத்தி, பிறகு தண்ணீர் விட்டு, பருவம் தப்பிப் பூக்க வைப்பார்கள். வரத்து குறைந்த அடுத்த கோடையில் அந்தக் காய்க்கு நல்ல விலை.

நீங்களும் செய்து பார்க்கலாம். நன்கு வளர்ந்த, நோயில்லாத செடியாக இருக்கட்டும். மழை படாத இடத்தில் வைத்துத் தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகச் சுருண்டால், செடி காய்ந்துபோகாத அளவுக்குக் கொஞ்சம் மட்டும் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து வழக்கம்போல் தண்ணீரும், கொஞ்சம் உரமும். பூவும் பிஞ்சும் வந்தபின் மண் காயக்கூடாது; பிஞ்சு உதிர்ந்துவிடும்.

நான்காம் நாளே இலை சுருண்டது. மனசு கேட்காமல் வாளியைத் தூக்கினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு டம்ளர் போதும்."

மீண்டும் தண்ணீர் விட்டு மூன்றாவது வாரம், விடியற்காலையில் கதவைத் திறந்தபோது பால்கனியில் வாசம். விளக்கைப் போட்டால், கிளையெங்கும் வெள்ளைப் பூ.

காய் பறிக்க இன்னும் ஐந்தாறு மாதமாவது ஆகும். அம்மா ஊறுகாய் ஜாடியை இப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் ஊற்றும் வேலையும் இனி அவருடையதுதான். வாளியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.