பார்க்காத கடலும் வெறுங்கடலும்

1984இல் திருகோணமலைக் கரைக்கு அப்பால் ஒரு நீலத் திமிங்கிலத்தின் பாட்டு ஒலிநாடாவில் பதிவானது. அபிகெயில் ஆலிங், ரொஜர் பேய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். இன்று, அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்பதற்கென்று டியேகோ கார்சியாத் தீவுக்கு அருகே கடலுக்குள் இறக்கிய ஒலிவாங்கிகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த பதிவுகளைக் கணினிகள் சலித்து, எந்தத் திமிங்கிலக் கூட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்கின்றன. அந்தச் சலிப்பில் 'இலங்கை வகை' என்றே ஒரு பாட்டு உண்டு. அந்த வகையை அடையாளம் காட்டிய ஆரம்பப் பதிவு நம்முடைய முற்றத்தில் எடுத்தது. அதன் பிறகு இந்த முற்றத்தில் எவர் காதுகொடுத்துக் கேட்டார் என்று தேடினால், பல ஆண்டுகளுக்குப் பக்கம் பக்கமாக ஒன்றுமில்லை.

திமிங்கிலங்களைத் தேடி வந்தவர்கள் திருகோணமலையைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் கடலடியில் இருக்கிறது. மகாவலி கடல் சேரும் கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி வங்காள விரிகுடாவின் ஆழத்துக்குள் இறங்குகிறது. மற்ற இடங்களில் வெகுதூரம் ஓடிச் சேரவேண்டிய ஆழம் இங்கே கோணேசர் கோயில் பாறையில் நின்றால் கண்ணுக்கெட்டும் தூரத்தில். 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. அதையடுத்து 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற சிறிய பாய்மரப் படகில் ஹல் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலானோர் இந்தக் கடலுக்கு வந்தார்கள். கொல்லாமலே திமிங்கிலத்தை ஆராய முடியும் என்று காட்டுவது அவர்கள் வேலை. வாலின் விளிம்பிலுள்ள வெட்டுகளையும் நீலத் திமிங்கிலத்தின் விலாவில் திட்டுத்திட்டாக இருக்கும் நிறத்தையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள்.

இந்தப் படங்களை வைத்துச் செய்யும் கணக்கு எளிமையானது. ஒரு பருவத்தில் 50 திமிங்கிலங்களைப் படமெடுத்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்த பருவத்தில் 40ஐப் படமெடுக்கிறோம். அந்த 40இல் 10 ஏற்கெனவே நம் அல்பத்தில் இருப்பவை. அதாவது, பார்த்ததில் நான்கில் ஒன்று பழைய முகம். அப்படியானால் முதலில் படமெடுத்த 50 என்பதும் மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருக்கவேண்டும். ஆக மொத்தம் 200. டென்மார்க்கின் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீன்களுக்குக் குறியிட்டு இதே வழியில்தான் போனார். கூட்டத்துக்குள் புதிதாக வருவது, வெளியேறுவது, இறப்பது, படகைக் கண்டால் விலகிப்போவது எல்லாவற்றுக்கும் இன்று திருத்தங்கள் உண்டு. அடிப்படை மட்டும் மாறவில்லை: ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்ப வந்து பார்க்கவேண்டும்.

திரும்ப வருவதுதான் இங்கே நடக்கவில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு மூண்ட போரில் இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நீலத் திமிங்கிலங்கள் பற்றிய வடகிழக்குக் கரை ஆய்வு 1991இல் அச்சில் வந்தபோது, அதே கடலுக்கு மீண்டும் படகிறக்க முடியாத நிலை. 2009 வரை அந்த அல்பத்தில் முறையாகப் புதிய பக்கம் சேரவில்லை. போர் ஓய்ந்தபின் ஆய்வாளர்களின் கவனமும் சுற்றுலாப் படகுகளும் தெற்கே மிரிஸ்ஸ பக்கம் குவிந்துவிட்டன.

இந்த வெற்றிடத்தைக் கணினி எப்படி நடத்துகிறது என்பதில்தான் என் கவலை. ஓர் உயிரினம் எங்கே வாழும் என்று வரைபடம் போடும் மாதிரிகள் மூன்று நான்கு விடயங்களைத்தான் கேட்கும்: கடலின் ஆழம், மேற்பரப்பு வெப்பம், பச்சையத்தின் அளவு, எங்கெங்கே கண்டார்கள் என்ற பதிவு. முதல் மூன்றும் செய்மதியிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் உலகம் முழுவதற்கும் கிடைக்கும். நான்காவது, மனிதர் போன இடத்தில் மட்டும்தான் இருக்கும். தெற்கே நூறு புள்ளி, கிழக்கே நாலு புள்ளி என்றால், தெற்குக் கடலைப் போன்ற கடல்தான் திமிங்கிலத்துக்கு உகந்தது என்று மாதிரி கற்றுக்கொள்கிறது. அதைக் கிழக்கில் பொருத்திப் பார்த்து வெளிர்நிறம் பூசுகிறது. போகாத இடத்தை வெறும் இடமாக்கிவிடுகிறது. தேடலுக்குச் செலவான மணித்தியாலங்களையும் உள்ளே கொடுத்துச் சரிக்கட்டும் வழிகள் இருக்கின்றன. நல்ல புள்ளியியலாளர்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் தேடலே பூச்சியமான இடத்தில் எதை வைத்துச் சரிக்கட்டுவது?

பருவத்திலும் இதே கோணல். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் நம் கடல் படிந்து கிடக்கும். படகு போகும், பயணிகள் போவார்கள், திமிங்கிலம் பதிவாகும். வாடை தொடங்கினால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். வாடைக் காலத்தில் திமிங்கிலம் இல்லை என்று அந்தப் பட்டியல் கூசாமல் சொல்லும்.

மீன் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் வயிறு அங்கேதான் இருக்கிறது. கடற்றொழில் பரிசோதகர் தெரிந்தெடுத்த இறங்குதுறைகளுக்குப் போய், இறங்கிய படகு எத்தனை, மீன் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். அதைப் பெருக்கி மாவட்டத்துக்கு ஒரு தொகை வரும். கரைவலை ஏறும் வாடியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் அந்தத் தொகையின் ஓட்டை தெரியும். மடி கரைசேர்ந்ததும் வலையிழுத்தவர்களுக்குக் கறிக்கென்று ஒரு பங்கு பையில் போகும். அதன்பிறகுதான் வலைக்காரச் சம்மாட்டியின் தராசு. பையில் போன மீன் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. மீன் பெருத்த நாளில் இது பொருட்டல்ல. மீன் குறைந்த நாளில் இதுவே பெரும்பங்கு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் கடற்படை நேரம் குறித்தது, தூரம் குறித்தது, பாஸ் கேட்டது, சில பகுதிகளை மூடியே வைத்தது. இறங்கிய மீன் குறைந்தது. அந்த வீழ்ச்சியை மட்டும் ஒரு மாதிரிக்குக் கொடுத்தால் மீன்வளம் அழிந்தது என்று சொல்லும். கட்டுப்பாடு தளர்ந்தபின் ஏறிய கோட்டைக் காட்டினால் மீன் பெருகியது என்று சொல்லும். இரண்டும் பொய். ஏறி இறங்கியது மனிதரின் நடமாட்டம். ஆகவேதான் மொத்தப் பிடிப்பை விட்டுவிட்டு, ஒரு படகு ஒரு நாளில் பிடித்தது எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதிலும் 1980இன் படகும் இன்றைய படகும் ஒன்றா? எஞ்சின் வேறு, வலை வேறு.

கரையிலிருந்து சேரும் கணக்கை நம்பாமல் கடலையே நேரே அளந்த முயற்சியும் உண்டு. நோர்வேயின் 'டொக்டர் பிரிஜோவ் நான்சன்' ஆய்வுக்கப்பல் 1978க்கும் 1980க்கும் இடையில் மூன்றுமுறை இலங்கையைச் சுற்றி ஒலியலையால் மீன் அடர்த்தியை அளந்தது. அதே பெயரில் வந்த புதிய கப்பல் 2018 ஜூன், ஜூலையில் மீண்டும் அளந்தது. கரையோர மீன்வளம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்ற செய்தி அப்போது வந்தது. அதிர்ச்சியான செய்தி, திசையைப் பொறுத்தவரை நான் நம்புகிறேன். ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எப்படியும் கோடு இழுக்கலாம். நாற்பது ஆண்டும் சீராகத் தேய்ந்ததா, போர்க்காலத்தில் கிழக்கில் மீன் ஓய்வெடுத்துவிட்டு 2009க்குப் பின் பத்தே ஆண்டில் சரிந்ததா? முதலாவதென்றால் மருந்து ஒன்று, இரண்டாவதென்றால் வேறு. கிழக்கின் கடற்றொழில் கொள்கை முழுவதும் இந்தக் கேள்வியில் தொங்குகிறது.

அடுத்த அளவை அரசியலில் மாட்டிக்கொண்டது. சீன ஆய்வுக்கப்பல்கள் வந்துபோனதும் இந்தியா முகம் சுளித்ததும் தெரிந்த கதை. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஓராண்டுத் தடை வந்தது. 2025இல் நான்சனுக்குத் திட்டமிட்ட பயணமும் அனுமதி நடைமுறைச் சிக்கலில் விழுந்தது. நீர்மூழ்கியைத் தேடுகிறவனையும் சூடைமீன் எண்ணுகிறவனையும் ஒரே தட்டில் வைத்த தடை அது.

புறாமலைப் பவளப்பாறைக்கும் ஒரு வரி. 2003இல் தேசியப் பூங்காவான அந்தச் சிறு தீவுக்குப் பவளம் வெளிறும் எச்சரிக்கை அமெரிக்க நோவா நிறுவனத்தின் செய்மதி மாதிரியிலிருந்து கிடைக்கிறது. ஐந்து கிலோமீற்றர் சதுரம் ஒன்றின் வெப்பம் வழமையான கோடை உச்சத்தை எவ்வளவு, எத்தனை வாரம் தாண்டியது என்று கூட்டிப் பார்க்கும் நல்ல கருவி. ஆனால் தீவு முழுவதும் அந்தச் சதுரத்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். எந்தப் பாறையைச் சுற்றுலாப் பயணி மிதித்தான் என்று வானத்திலிருந்து தெரியாது.

திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தெற்கே போகவேண்டும். 2014, 2015இல் றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டவர்களும் தெவுந்தர முனைக்கு அப்பால் ஒரே தடங்களில் பலமுறை படகோட்டி, கண்ட நீலத் திமிங்கிலங்களையும் கப்பல் போக்குவரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்கள். கப்பல் பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் அபாயம் 95 வீதம் குறையும் என்றது 2016இல் வந்த கட்டுரை. அரசு இழுத்தடித்தது. ஆனாலும் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே விலகிப்போகச் சொன்னது. நல்ல தரவு அமைச்சைத் தாண்டியும் வேலை செய்யும்.

தரவு இல்லாவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு மேற்கே போகவேண்டும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில், 2025 ஜூலையில் உயர்நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்தச் சொன்னது. 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் ஒதுங்கிய கணக்கு அந்த வழக்கில் வருகிறது. கணக்குப் பார்க்கிறவர் எவரும் உடனே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: கப்பல் எரியாத ஆண்டில், அதே மாதங்களில், அதே கரையில் எத்தனை ஒதுங்கும்? முந்திய ஆண்டுகளின் ஒழுங்கான பதிவு கையில் இருந்தால் இந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது இலவசமாகக் கிடைக்கும் ஆயுதம்.

இனி நம் துறைமுகத்தைப் பாருங்கள். சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கக் கைச்சாத்திட்டன. சம்பூர் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டதால் அதன் சுடுநீர் கொட்டியாரக் குடாவில் கலப்பது பற்றிய வாதம் ஓய்ந்தது. எண்ணெய்க் கப்பல் வந்தால் அடுத்த வாதம் தொடங்கும். அபிவிருத்தி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த மாவட்டத்துக்கு வேலை வேண்டும். கப்பல் வருவதற்கு முந்திய கடல் எப்படி இருந்தது என்ற கணக்கைக் கப்பல் வந்தபிறகு எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை இப்போதே எடுக்கப் பெரிய காசு தேவையில்லை. நிலாவெளி கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. சுற்றுலாப் படகுகள் பருவத்தில் எப்படியும் போகின்றன. படமும், புறப்பட்ட நேரமும், ஒன்றும் காணாமல் திரும்பிய நாட்களும் சேர்த்து எழுதினால் அல்பம் மறுபடி தொடங்கும். காணாத நாளையும் எழுதச் சொல்வதுதான் கடினம். ஒருவருக்கும் அதில் ருசியில்லை. வாடைக் காலத்துக்கு ஒலிவாங்கி வேண்டும். கடற்படைத் துறைமுக வாயிலில் ஒலிவாங்கியா என்று புருவம் உயரும், நியாயம்தான். அப்படியானால் கருவியைக் கடற்படையே வைத்துக்கொள்ளட்டும். மூல ஒலி அவர்களிடமே இருக்கட்டும். நாளொன்றுக்கு எத்தனை திமிங்கில அழைப்பு, கருவி எத்தனை மணித்தியாலம் இயங்கியது என்ற இரண்டு எண்களை மட்டும் வெளியே தரட்டும்.

எரிசக்தி மையத்துக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒருநாள் மக்கள் பார்வைக்கு வரும்; கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். அதில் வண்ண வரைபடங்கள் இருக்கும். மாதிரி ஒன்றின் பெயரும் கம்பீரமாக இருக்கும். கிண்ணியா, மூதூர், சம்பூர் மக்கள் அந்த வரைபடங்களைத் தாண்டி இணைப்புகளுக்குப் போய், எந்த மாதத்தில், எந்தக் காற்றில், எத்தனை மணித்தியாலம் கடலில் நின்று பார்த்தீர்கள் என்ற அட்டவணை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால், அதையே முதல் ஆட்சேபமாக எழுதிக் கொடுக்கவேண்டும்.