வீட்டுக்குள்ளும் சட்டம் நுழைய வேண்டும்

வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. காலம் கடந்து வந்த ஆணை இது. ஏனெனில், கத்தோலிக்கத் துறவியான அருட்சகோதரி ஜீன் டெவோஸ் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கிய 1985ஆம் ஆண்டிலிருந்தே இந்தக் கோரிக்கை அரசின் வாசலில் நிற்கிறது.

பெல்ஜியத்தில் பிறந்த டெவோஸின் துறவற சபை, 1897இல் குமரி மாவட்டத்து முளகுமூட்டில் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணும் பணியிலிருந்து உருவானது. சபையின் தொடக்கம் அறப்பணி என்றால், டெவோஸ் மேற்கொண்டதோ உரிமைப்பணி: சமையலறை ஓரத்தில் உறங்கி, ஊதியமும் ஓய்வுநாளும் முதலாளியின் மனம்போல் அமையப்பெற்ற பெண்களையும், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து முகவர்களால் பெருநகரங்களுக்கு அழைத்துவரப்பட்ட பழங்குடிச் சிறுமிகளையும் தொழிலாளர்களாகத் திரட்டுவதே அதன் நோக்கம். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வீட்டு வேலைக்கு அமர்த்துவதற்கான தடை 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வயதைக் கடந்த சிறுமிக்கு அத்தடை இன்றும் துணைநிற்பதில்லை.

வீடு தனிமனிதரின் அந்தரங்க இடம், அதற்குள் தொழிலாளர் ஆய்வாளர் எப்படி நுழைவார் என்பதே தனிச் சட்டத்துக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றுக்கொண்டபோதே இந்த வாதம் வலுவிழந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையும் அந்தரங்கத்தை மதித்தே ஆய்வு நடத்த வழிகூறுவதோடு, வாரந்தோறும் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வையும் உறுதிசெய்கிறது. அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா, அதன் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்பும் ஏற்புறுதியை மட்டும் இன்றுவரை அளிக்கவில்லை. மாறாக, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு ‘தொழில்’ என்பதன் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாக விலக்கிவைத்தது.

தமிழ்நாடு 2007இல் நல வாரியம் அமைத்து ஒருபடி முன்னே சென்றது உண்மைதான். ஆயினும் திருமண உதவி, கல்வி உதவி போன்றவற்றை வழங்கும் வாரியம், கொடுக்காத கூலியை வாங்கித் தரும் அதிகார அமைப்பு ஆகிவிடாது. மீட்பு, தங்குமிடம், வழக்கு என அரசின் கடமைகளை டெவோஸ் போன்ற சகோதரிகளின் தோளில் ஏற்றிவிட்டு, ஆண்டுதோறும் அவர்களுக்குப் பாராட்டு வழங்குவது மலிவான ஏற்பாடு. திருச்சபையும் தன் மடங்களிலும் விடுதிகளிலும் சமையலும் துப்புரவும் செய்யும் பெண்களுக்கு எழுத்துவடிவ ஒப்பந்தமும் வார ஓய்வும் அளித்தால், சகோதரிகளின் கோரிக்கைக்கு இன்னும் கனம் கூடும்.

உச்ச நீதிமன்றம் கேட்ட ஆய்வின் முடிவை ஒன்றிய அரசு பொதுவில் வைத்து, பதிவு, எழுத்துவடிவ ஒப்பந்தம், குறைந்தபட்சக் கூலி, முகவர்களுக்குக் கட்டாய உரிமம் ஆகிய நான்கையும் உள்ளடக்கிய சட்டமுன்வரைவைக் காலக்கெடுவுடன் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 189ஆம் உடன்படிக்கைக்கான ஏற்புறுதியையும் அதனுடன் சேர்த்தே அளிக்க வேண்டும்.