கல்லாப் பெட்டிக்குள் பூட்டப்படும் அறிவு!



நம் ஊர்க் கடைத்தெருக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பையன் ரொம்பப் புத்திசாலி. பத்தாவதோடு நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிட்டேன். கணக்கையெல்லாம் மனசிலேயே போட்டுவிடுகிறான்!"

பெருமையோடுதான் சொல்கிறார்கள். கேட்பவர்களும் "மாஷா அல்லாஹ்" என்கிறோம். என்ன சொல்கிறோம் என்பதை யாராவது நின்று யோசித்தோமா? எந்தப் பிள்ளைக்கு அறிவு கூடுதலாக இருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் படிப்பைத்தான் முதலில் நிறுத்துகிறோம்!

வியாபாரம் தாழ்ந்த தொழில் அல்ல. நபி (ஸல்) அவர்களே வியாபாரம் செய்தவர்கள். படித்து முடித்த பிள்ளை தானே விரும்பிக் கடைக்கு வந்தால் அது அவனுக்கும் நல்லது, கடைக்கும் நல்லது. வேறு வழி உண்டு என்பதே தெரியாமல் பதினைந்து வயதில் கல்லாவில் அமர்த்தப்படுகிறானே, அவனைப் பற்றித்தான் பேசுகிறோம். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தும் அடுத்த மாதமே நிக்காஹ் பேசப்படுகிற பெண் பிள்ளையையும் சேர்த்துத்தான்.

இது நமக்குத் தெரியாத கலையா?

கூடுதல் திறமையுள்ள பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று கேட்டால், அது பெரிய நகரத்துப் பணக்காரர்களின் கவலை என்று நினைக்கிறோம். இல்லை சகோதரர்களே! இந்தக் கலை நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது.

ஹிப்ழு மத்ரஸாவைப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் ஒரே பாயில் அமர்ந்திருப்பார்கள். ஆனால் முப்பது பேருக்கும் ஒரே பாடம் கிடையாது. ஒருவனுக்கு இன்று அரைப் பக்கம் ஸபக். இன்னொருவனுக்கு இரண்டு பக்கம். உஸ்தாத் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துக் கேட்கிறார். வேகமாக ஓடுகிற பிள்ளையை, பின்னால் வருகிறவனுக்காக நிறுத்தி வைப்பதில்லை. மெதுவாக வருகிறவனை விரட்டுவதும் இல்லை. பழைய பாடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதிய பாடம் தருகிறார்.

இன்றைய கல்வியாளர்கள் சொல்வதும் இதைத்தான்: பிள்ளையின் வேகத்திற்குப் பாடம் நடக்க வேண்டும். மனனத்திற்கு இந்த நீதியைச் செய்கிற நாம் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் மொழிக்கும் ஏன் செய்வதில்லை?

ஒரு குற்ற ஒப்புதல்

இதை எழுதுகிறவன் குறை இல்லாதவன் அல்ல. மக்தபில் ஓதிக்கொடுத்த காலத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், நோன்பு வருஷா வருஷம் பதினோரு நாள் முன்னால வருதே, அப்படீன்னா இதே வெயில் காலத்துக்கு அது திரும்பி வர முப்பத்து மூணு வருஷம் ஆகுமா?"

அந்த வயதில் அவனாகப் போட்ட கணக்கு! சந்திர ஆண்டுக்கு 354 நாட்கள், சூரிய ஆண்டுக்கு 365 நாட்கள் என்ற வித்தியாசத்தை அவனே கண்டுபிடித்திருந்தான். நான் என்ன செய்தேன்? "ஓதுகிற நேரத்தில் ஓது" என்று பிரம்பைக் காட்டினேன். அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இன்று வெளியூரில் ஒரு கடையில் சரக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டால் மரியாதையோடு ஸலாம் சொல்கிறார். பதில் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு உறுத்துகிறது.

எப்படி அடையாளம் காண்பது?

முதல் ரேங்க் வாங்குகிறவன் மட்டும்தான் திறமைசாலி என்று எண்ணாதீர்கள். ஓயாமல் 'ஏன்' என்று கேட்கும் பிள்ளை, வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் குறும்பு செய்யும் பிள்ளை, ஒரே விஷயத்தில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடக்கும் பிள்ளை, தன்னைவிடப் பெரியவர்களோடு பேசப் பிரியப்படும் பிள்ளை - இவர்களைக் கவனியுங்கள். தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போய் மதிப்பெண் குறைகிற பிள்ளைகளும் உண்டு. பேச்சில் கெட்டிக்காரனாகவும் எழுத்தில் தடுமாறுகிறவனாகவும் இருக்கும் பிள்ளையும் உண்டு. அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1904-ல் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார், தேர்விலும் தோற்றார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் உலகம் அவரை இழந்திருக்கும். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். அந்த ராமானுஜன்தான் 1918-ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

நம் முன்னோர் காட்டிய வழி

ஸைத் பின் ஸாபித் (ரலி) சிறுவராக இருந்தபோதே அவருடைய அறிவுக் கூர்மையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி அவரைப் பணித்தார்கள். சுமார் பதினைந்து நாட்களில் அவர் கற்றுத் தேர்ந்தார். பிற்காலத்தில் குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது.

உமர் (ரலி) அவர்கள், பத்ருப் போரில் பங்கேற்ற பெரியவர்களின் சபையில் இளைஞரான இப்னு அப்பாஸை (ரலி) அமர வைத்தார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்டபோது, உமர் (ரலி) அவரைப் புகழ்ந்து பேசவில்லை. சபையில் ஒரு கேள்வி கேட்டார்கள். பதிலைச் சொல்ல அந்த இளைஞருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. திறமைக்குத் தேவை பாராட்டு விழா அல்ல. அதன் தகுதிக்கேற்ற வேலையும், அதை வெளிப்படுத்த ஓர் இடமும்தான்!

அப்துல் கலாமைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். சென்னை எம்.ஐ.டி.யில் சேர அவருக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்த சகோதரி ஜொஹராவைப் பற்றிப் பேசுகிறோமா? இராமேஸ்வரத்தில் தம் வீட்டுப் புத்தகங்களை அந்தச் சிறுவனுக்கு இரவல் கொடுத்த மாணிக்கத்தைப் பற்றிப் பேசுகிறோமா? கலாம் ஒருவர் உருவாக ஒரு குடும்பமும் ஓர் ஊரும் கை கொடுத்தன. நாம் யாருக்குக் கை கொடுத்தோம்?

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் "எனக்கும் தெரியாது, வா சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் வாப்பாவின் மதிப்புக் குறையாது.

"நீ பெரிய அறிவாளி" என்று ஓயாமல் புகழாதீர்கள். 1998-ல் அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. அறிவைப் புகழப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றதும் துவண்டார்கள். முயற்சியைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் மேலும் முயன்றார்கள்.

விருந்தாளிகள் முன்னால் பிள்ளையைக் காட்சிப் பொருளாக்காதீர்கள். "அண்ணனைப் பார்" என்று தம்பியைக் குத்திக்காட்டாதீர்கள். அறிவாளிப் பிள்ளையும் பிள்ளைதான். அவனுக்கும் விளையாட்டு வேண்டும், தூக்கம் வேண்டும், தோற்றுப்போகவும் உரிமை வேண்டும்.

பள்ளியில் கேட்க வேண்டியது

ஆசிரியரைச் சண்டை போடத்தான் போய்ப் பார்க்க வேண்டுமா? பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்று சொல்லுங்கள். முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைக்கு அதே போன்ற இன்னும் பத்துக் கணக்குகள் வேண்டாம். இன்னும் கடினமான ஒரு கணக்குக் கொடுங்கள் என்று பணிவோடு கேளுங்கள். அடுத்த வகுப்புப் புத்தகத்தைப் படிக்க அனுமதி கேளுங்கள்.

அரசு தரும் வாய்ப்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழித் தேர்வு நடக்கிறது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும், ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்திற்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழகத்திற்கு 6,695 இடங்கள். அதில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? பதினோராம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகிறது. கடைசித் தேதி முடிந்த பிறகு வந்து வருத்தப்படுவதில் பயனில்லை.

ஜமாஅத்தின் பொறுப்பு

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய கல்வி மாவட்டத்தில், திறமையான பிள்ளைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்து வந்தார்கள். 2005-ல் முறையை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையுமே சோதித்தார்கள். ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும் பெரும் எண்ணிக்கையில் புதிதாகத் தேர்வானார்கள்! திறமை முன்பும் இருந்தது. பரிந்துரைக்கத்தான் ஆள் இல்லை. நம் நிலையும் இதுதான்.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள், பெண் பிள்ளைகளையும் விடாமல். "யார் நன்றாகப் படிக்கிறார்கள்" என்று கேட்டு எழுதாதீர்கள், எல்லோரையும் எழுதுங்கள். வாரம் ஒரு மாலை, பழைய வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி கொடுங்கள். வியாபாரிகளே, கந்தூரிக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவாகும் தொகையில் ஒரு பங்கு போதும், ஒரு படிப்பகம் நடக்கும்.

2007-ல் நமக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அது கல்லூரி வாசலில் திறந்திருக்கும் கதவு. அந்த வாசல் வரை பிள்ளையை அழைத்து வருவது அரசாங்கத்தின் வேலை மட்டும் அல்ல. பத்தாம் வகுப்பிலேயே கல்லாவில் அமர்ந்துவிட்டவனுக்கு எந்த ஒதுக்கீடு என்ன செய்யும்?

பிள்ளைகள் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அவர்களின் அறிவும் அமானிதம்தான். பிறருடைய அமானிதத்தை நம் பெட்டியில் பூட்டி வைத்து அனுபவிக்க நமக்கு உரிமை இல்லை. அதைப் பற்றிக் கேட்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது.

இன்று இரவு கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும், உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, "இன்றைக்கு நீ என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து தொடங்குவோம்.