'தெரியவில்லை' என்பதும் ஒரு பதில்தான்

நேற்று மாலை வரை புல்வெளியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த குதிரை, இன்று காலை லாயத்தை விட்டு வரும்போது குடித்தவனைப் போலத் தள்ளாடுகிறது. பின்னங்கால் எங்கே விழுகிறது என்று அதற்கே தெரியவில்லை. அமெரிக்காவில் குதிரை வளர்ப்பவர்கள் ரொம்பவே பயப்படும் காட்சி இது. சுமார் 500 கிலோ எடையுள்ள விலங்கு ஒருமுறை விழுந்துவிட்டால் தூக்கி நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா என்ன?

"டாக்டர், என்ன நோய்?" என்று கேட்டால், "இப்போதே சொல்ல முடியாது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். குதிரைக்காரருக்குக் கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தப் பதிலில்தான் நேர்மை இருக்கிறது.

ஏனென்றால் தள்ளாட்டம் ஒன்று, காரணங்கள் பல. கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்தலாம். 1999-ல் நியூயார்க்கில் நுழைந்த வெஸ்ட் நைல் வைரஸாக இருக்கலாம். 2021-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் பரவி, ஐரோப்பாவின் 10 நாடுகளில் குதிரைப் போட்டிகளையே நிறுத்த வைத்த ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அரிதாக, ரேபிஸாகவும் இருக்கலாம்!

இன்னொன்று, ஈபிஎம். ஒப்போசம் என்ற சிறு விலங்கின் எச்சம் கலந்த தீவனம், தண்ணீர் வழியாக ஓர் ஒட்டுண்ணி உள்ளே போய் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. குழப்பமே இங்கேதான். அமெரிக்காவின் பல பகுதிகளில் பாதிக்கு மேற்பட்ட குதிரைகளின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் இருக்கிறது. ஆனால் நோய் வருவதோ மிகச் சிலவற்றுக்கு மட்டும். ஆக, ரத்தப் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றால், ஒட்டுண்ணி எப்போதோ உள்ளே வந்தது என்றுதான் அர்த்தம். தள்ளாட்டத்துக்கு அதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. முதுகுத் தண்டு நீரையும் ரத்தத்தையும் ஒப்பிட்டால் சந்தேகம் குறையும். முழு உறுதி, இறந்த பிறகு செய்யும் பரிசோதனையில்தான்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? கூடாது. பெயர் தெரியும் முன்பே செய்ய வேண்டியவை இருக்கின்றன. காய்ச்சல் பார்ப்பது, மற்ற குதிரைகளிடமிருந்து பிரிப்பது, ரேபிஸ் இல்லை என்று தெரியும்வரை கையுறையோடு தொடுவது, யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்வது. ஈபிஎம் சந்தேகம் வலுவாக இருந்தால், 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பொனாசுரில் மருந்தை 28 நாள் கொடுத்துப் பார்ப்பது. வாராவாரம் நடையை வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பாசமுள்ள கண், இல்லாத முன்னேற்றத்தையும் பார்த்துவிடும்.

குதிரை தேறினாலும் மருந்தால்தான் தேறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. தேறாவிட்டால், எதுவரை போராடுவது என்ற கொடுமையான முடிவை, நோயின் பெயரே தெரியாமல் எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுப்பவரை, "இன்னும் ஒரு டெஸ்ட் எடுத்திருக்கலாமே" என்று குத்திக் காட்டுவது நியாயமே இல்லை.

முதல் நாளே அடித்துச் சொல்லும் மருத்துவரைவிட, "தெரியவில்லை, ஆனால் இன்றைக்கு இதைச் செய்வோம்" என்பவரே நம்பத் தகுந்தவர். குதிரைக்குத் தன் நோயின் பெயர் தேவையில்லை. விழாமல் நிற்க ஓர் இடமும், பக்கத்தில் ஓர் ஆளும்தான் தேவை.